கைதட்டலில் முடிந்த தேர்தல்

பெங்களூரு விதான சௌதாவின் விருந்து மண்டபத்தில் 2021 ஜூலை 26ஆம் தேதி காலை ஒரு விழா. எடியூரப்பா அரசு இரண்டு ஆண்டுகளை நிறைவு செய்ததற்கான விழா. சாதனைப் பட்டியல் வாசிக்க வேண்டிய மேடையில் 78 வயது முதல்வர் அழுதார். இந்த இரண்டு வருஷமும் தனக்கு அக்னிப் பரீட்சையாகவே இருந்தது என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுநரிடம் ராஜினாமா கடிதம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். துக்கத்தோடு அல்ல, மகிழ்ச்சியோடுதான் போகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். சொல்லும்போது கண் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்திருந்த அமைச்சர்கள் பலருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

விதான சௌதாவிலிருந்து ராஜ்பவனுக்கு நடந்தே போய்விடலாம். வழியில் தலைமைத் தபால் அலுவலகம். அதற்கு எதிரே கேபிடல் ஹோட்டல். அந்த வாரம் கர்நாடகாவின் தலையெழுத்து முழுக்க இந்த ஒரு சாலையை ஒட்டியே எழுதப்பட்டது. 26ஆம் தேதி மதியம் ராஜ்பவனில் ராஜினாமா. 27ஆம் தேதி இரவு ஹோட்டலில் புதிய தலைவர். 28ஆம் தேதி காலை மறுபடியும் ராஜ்பவனில் பதவிப் பிரமாணம். இரண்டு நாள் முழுதாக ஆகவில்லை. ஆறு கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலத்துக்கு வேறொரு முதல்வர் வந்துவிட்டார்.

அந்த 27ஆம் தேதி இரவு சிவாஜிநகரில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாக பெங்களூரு. கன்னடச் செய்தி சேனலில் 'பசவராஜ் பொம்மை' என்ற பெயர் ஓட ஆரம்பித்ததும், டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கேட்டார்.

"ஓட்டுப் போட்டாங்களாண்ணே?"

"இல்லண்ணே. ஒருமனதாம்."

"அப்போ எம்.எல்.ஏ. எல்லாம் எதுக்கு வந்தாங்க?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நிதானமாக யோசித்துப் பார்த்தபோதும் அந்தக் கேள்வியின் கனம் குறையவில்லை.

அரிசி ஆலைக் குமாஸ்தா

எடியூரப்பாவைத் தமிழர்கள் வேறொரு நாளை வைத்து நினைவில் வைத்திருக்கிறார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருஷம் மூடியே கிடந்தது. எத்தனையோ ஆட்சிகள் வந்து போயின, திரை விலகவில்லை. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதி வந்து திறந்து வைத்தபோது பக்கத்தில் நின்ற கர்நாடக முதல்வர் எடியூரப்பா. நான்கு நாள் கழித்து சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அவர் அரசியலில் ஏற்க முடியாத விஷயங்கள் எத்தனையோ இருந்தாலும், அந்த ஒரு நாளுக்காக பெங்களூரு தமிழர்கள் அவரை மறக்கவில்லை. அது நியாயமும்கூட.

மண்டியா மாவட்டத்து பூகனகெரேயில் பிறந்து, ஷிகாரிபுரத்தில் அரிசி ஆலைக் குமாஸ்தாவாக வேலை பார்த்து, அதே ஊர் நகரசபையிலிருந்து மேலே வந்தவர். தென்னிந்தியாவில் பா.ஜ.க.வை முதன்முதலாக ஆட்சியில் உட்கார வைத்தது அவர்தான். நான்கு முறை முதல்வர். 2007 நவம்பரில் ஏழு நாள். 2008 முதல் மூன்று வருஷம் சொச்சம். 2018 மே மாதத்தில் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பே விலகிய இரண்டரை நாள். 2019 முதல் சரியாக இரண்டு வருஷம். ஒரு முறைகூட ஐந்து ஆண்டுகளை அவர் முழுமையாக ஆளவில்லை.

2021இல் ஏன் போகச் சொன்னார்கள்? வெளியே சொல்லப்பட்ட காரணம் வயது. 75ஐத் தாண்டியவர்களுக்குப் பதவி இல்லை என்பது அந்தக் கட்சியில் எழுதப்படாத விதி. அவருக்காக அதைத் தளர்த்தியிருந்தார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த காரணங்கள் வேறு. மகன் விஜயேந்திரா நிர்வாகத்தில் தலையிடுகிறார் என்ற புகாரை சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களே வெளிப்படையாகப் பேசினார்கள். அவர்களில் பசனகௌடா பாட்டீல் யத்னால் பேசாத நாளில்லை. ஜூலை 16 அன்று எடியூரப்பா டெல்லி போய்ப் பிரதமரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதன் பிறகு லிங்காயத் மடாதிபதிகள் அணி அணியாக அவருடைய 'காவேரி' இல்லத்துக்கு வந்தார்கள். 25ஆம் தேதி அரண்மனை மைதானத்தில் நூற்றுக்கணக்கான மடாதிபதிகள் கூடி, அவரை மாற்றக் கூடாது என்றார்கள். மறுநாள் அவர் விலகினார்.

ஒன்று கவனிக்க வேண்டும். வயதைக் காரணம் காட்டி அவரை இறக்கிய அதே கட்சி, 2022 ஆகஸ்டில் அவரைத் தன் அதிகார உச்சமான நாடாளுமன்றக் குழுவில் உறுப்பினராக்கியது. அப்போது அவருக்கு 79 வயது. முதல்வர்கள் யார் என்று தீர்மானிக்கும் குழு அது.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் சொல்லவில்லை. அவரை மாற்றியிருக்கக் கூடாது என்பதும் என் வாதமல்ல. ஒரு முதல்வரை மாற்றும் உரிமை அவரைத் தலைவராக்கிய எம்.எல்.ஏ.க்களுக்கு உண்டு. அந்த உரிமையை அவர்கள் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் என் குறை. இறக்கும்போதும் இல்லை, ஏற்றும்போதும் இல்லை.

ஹோட்டலுக்குள் நடந்தது

2021 ஜூலை 27 மாலை டெல்லியிலிருந்து மேலிடப் பார்வையாளர்களாக மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் கிஷன் ரெட்டியும் வந்து சேர்ந்தார்கள். அன்று மதியம்வரை ஊடகங்களில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. முருகேஷ் நிராணி, அரவிந்த் பெல்லத், சி.டி. ரவி, பிரகலாத் ஜோஷி என்று ஆளாளுக்கு ஒன்று. கூட்டம் ஏழு மணி வாக்கில் கூடியது. எடியூரப்பாவே எழுந்து பொம்மையின் பெயரை முன்மொழிந்தார். கோவிந்த் கார்ஜோள் வழிமொழிந்தார். கைதட்டல். முடிந்தது.

இந்த முறையைப் பெங்களூரு பத்திரிகையாளர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். மேலிடம் ஒரு பெயரைத் தீர்மானிக்கும். பார்வையாளர்கள் அதைக் கொண்டு வருவார்கள். விலகியவரையே முன்மொழிய வைப்பார்கள், அவர் ஆட்கள் சத்தம் போடக் கூடாது என்பதற்காக. போட்டியில் இருந்தவர்களில் ஒருவரையோ, வேறொரு சமூகத்துக்காரரையோ வழிமொழிய வைப்பார்கள். 'ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று வெளியே வந்து அறிவிப்பார்கள். கன்னடத்திலும் தமிழிலும் ஒரே சொல்தான் இதற்கு: ஹைகமாண்ட். எந்தக் கட்சி என்ற வித்தியாசமே கிடையாது.

முன்மொழிந்தவரே அந்த ஒருமனதை உடைத்த கதை நம் தமிழ்நாட்டில் உண்டு. 2017 பிப்ரவரி 5. அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் கூட்டத்தில் சசிகலாவைச் சட்டமன்றக் கட்சித் தலைவராக முன்மொழிந்தவர் அப்போதைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம். ஒருமனதான தேர்வு என்று அறிவிப்பு வந்தது. இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 7 இரவு, மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் பன்னீர்செல்வம் கண்மூடி உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்து வந்து, தன்னைக் கட்டாயப்படுத்தித்தான் ராஜினாமா வாங்கினார்கள் என்றார். அதற்குப் பிறகு எம்.எல்.ஏ.க்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர் விடுதி, சசிகலாவுக்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, முதல்வராக எடப்பாடி பழனிசாமி, பிப்ரவரி 18 அன்று 122க்கு 11 என்ற வாக்கெடுப்பு. 'ஒருமனதாக' என்ற சொல்லுக்கு இரண்டு நாள்தான் ஆயுள் இருந்தது.

எடியூரப்பா அப்படி எதுவும் செய்யவில்லை. ஷிகாரிபுரத்தில் கடைகள் அடைக்கப்பட்டன, அவ்வளவுதான். ஆனால் கேபிடல் ஹோட்டலில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் மனதாரத் தட்டினார்கள் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. புதிய முதல்வருக்கே தெரியாது. அதுதான் பிறகு அவரை வாட்டியது.

அப்பா கேட்ட எண்ணிக்கை

பசவராஜ் பொம்மை மெக்கானிக்கல் இன்ஜினியர். டாடா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஜனதா பரிவாரத்தில் வளர்ந்து 2008இல் பா.ஜ.க.வுக்கு வந்தவர். ஷிக்காவி தொகுதி. எடியூரப்பா அமைச்சரவையில் உள்துறை அமைச்சர். இவையெல்லாம் மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்த விவரங்கள். எனக்கு அந்த இரவே நினைவுக்கு வந்தது அவருடைய அப்பா.

எஸ்.ஆர். பொம்மையும் ஒரு ராஜினாமாவுக்குப் பிறகு வந்த முதல்வர்தான். தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே 1988 ஆகஸ்டில் விலக, அந்த இடத்துக்கு வந்தார். எட்டே மாதத்தில் சொந்தக் கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் 19 பேரின் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் போனார். இவர்கள் எல்லோரும் ஆதரவை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்றார். அந்த 19 பேரில் ஏழு பேர் அடுத்த சில நாளிலேயே, தங்களை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். பொம்மை ஆளுநரிடம் போய் நின்றார். சட்டமன்றத்தைக் கூட்டுங்கள், பெரும்பான்மையை அங்கே நிரூபிக்கிறேன், வேண்டுமானால் கூட்டத்தொடரை முன்கூட்டியே வைத்துக்கொள்வோம் என்றார். ஆளுநர் கேட்கவில்லை. 1989 ஏப்ரல் 21 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது.

பொம்மை நீதிமன்றம் போனார். ஐந்து வருஷம் ஆனது. 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பு சொன்னது. ஓர் அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை ஆளுநர் தன் அறையில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது, அவையில் எண்ண வேண்டும். அந்தத் தீர்ப்பு வந்தபோது அவர் முதல்வரும் இல்லை, இழந்த பதவி திரும்பக் கிடைக்கவும் இல்லை. ஆனால் அதன் பிறகு இந்தியாவில் மாநில ஆட்சிகளை நினைத்த மாத்திரத்தில் கலைப்பது பெருமளவு நின்றது. தமிழ்நாட்டில் ஆட்சிக் கலைப்புக்கான 356ஆவது பிரிவைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் 'எஸ்.ஆர். பொம்மை வழக்கு' என்ற பெயர் வராமல் இருக்காது. 1976இலும் 1991இலும் ஆட்சி கலைக்கப்பட்ட நமக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

எண்ணிப் பாருங்கள் என்று ஐந்து வருஷம் போராடிய மனிதரின் மகன், எண்ணாமல் முதல்வரானார். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. மகன்மேல் பழியும் இல்லை. தீர்ப்பு எட்டாத ஓர் அறை மிச்சமிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 164ஆவது பிரிவு முதல்வரை ஆளுநர் நியமிப்பார் என்கிறது. அவையில் பெரும்பான்மை வேண்டும் என்பது நிலைத்துவிட்டது. ஆனால் பெரும்பான்மைக் கட்சி தன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது முழுக்க அந்தக் கட்சியின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் வேறு. கொறடா சொன்னபடி அவையில் வாக்களிக்காவிட்டால் பதவியே போய்விடும். ஆக, வாக்களித்த மக்களின் விருப்பத்தை ஓர் எம்.எல்.ஏ. பயமில்லாமல் வெளிப்படுத்தக்கூடிய ஒரே இடம், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் அந்தச் சட்டமன்றக் கட்சிக் கூட்டம்தான். அங்கேயும் கைதட்டச் சொல்லிவிட்டால் அவருக்கு வேறு இடம் ஏது?

ஆஷாடம் முடியட்டும் என்றவர்

எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். இதே ஊரில், இதே கட்சியில், இதே எடியூரப்பா விலகியபோது.

2011 ஜூலை 27 அன்று லோகாயுக்தா சந்தோஷ் ஹெக்டே சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றிய அறிக்கையைக் கொடுத்தார். பெல்லாரியின் இரும்புத் தாது எப்படிக் கப்பலேறியது என்று விவரித்த அறிக்கை. அதில் முதல்வர் பெயரும் இருந்தது. மறுநாளே பா.ஜ.க. மேலிடம் அவரை விலகச் சொன்னது. எடியூரப்பா உடனே விலகவில்லை. அப்போது ஆஷாட மாதம். நமக்கு ஆடி போல, நல்ல காரியம் எதுவும் தொடங்காத மாதம். கன்னடர்களுக்கு அது அமாவாசையோடு முடியும். அமாவாசை கழிந்து ஜூலை 31 அன்றுதான் கடிதம் கொடுத்தார். அந்த மூன்று நாளில் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டார். அடுத்த முதல்வர் தன் ஆளாக இருக்க வேண்டும் என்று பேரம் பேசினார். பத்து வருஷம் கழித்து 2021இல் அவர் விலகியதும் ஆஷாடத்தில், பொம்மை பதவியேற்றதும் ஆஷாடத்தில். இடைப்பட்ட காலத்தில் மேலிடத்தின் பலம் எவ்வளவு கூடியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2011 ஆகஸ்ட் 3 அன்று கூட்டம். எடியூரப்பா நிறுத்தியவர் சதானந்த கௌடா. கட்சிக்குள் அவருக்கு எதிரான அனந்தகுமார் தரப்பு நிறுத்தியவர் ஜெகதீஷ் ஷெட்டர். சமரசம் எடுபடவில்லை. சீட்டு கொடுத்தார்கள். ரகசிய வாக்கெடுப்பு. அப்போது மக்களவை உறுப்பினராக இருந்த, சட்டமன்றத்தில் உறுப்பினராகவே இல்லாத சதானந்த கௌடா ஜெயித்து, மறுநாள் முதல்வரானார்.

எண்ணிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. பதினோரு மாதம்தான். தான் நிறுத்தியவர் தன் பேச்சைக் கேட்கவில்லை என்று எடியூரப்பா கோபித்துக்கொண்டு, தோற்கடித்த ஷெட்டரையே 2012 ஜூலையில் கொண்டுவந்து உட்கார வைத்தார். அந்த வருஷக் கடைசியில் கட்சியை விட்டே போய் கர்நாடக ஜனதா பக்ஷாவைத் தொடங்கினார். 2013 தேர்தலில் அந்தக் கட்சி வென்றது ஆறே இடம். ஆனால் பத்தில் ஒரு பங்கு வாக்கைப் பிரித்துக்கொண்டு போனதில் பா.ஜ.க. 110இலிருந்து 40க்கு விழுந்தது.

ஆகவே எண்ணினால் நல்ல தலைவர் கிடைப்பார் என்று நான் வாதாடப் போவதில்லை. பிரிட்டனைப் பாருங்கள். 2022 ஜூலை 7 அன்று போரிஸ் ஜான்சன் விலகுவதாக அறிவித்ததும் கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எத்தனை என்பது அன்றன்றே வெளியானது. கடைசி இருவரில் ஒருவரைக் கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். லிஸ் டிரஸ் 81,326. ரிஷி சுனக் 60,399. இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தியின் மருமகன் என்பதால் பெங்களூரு அந்த எண்ணிக்கையை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி எண்ணித் தேர்ந்தெடுத்த டிரஸ் 45ஆவது நாள் ராஜினாமாவை அறிவித்தார்.

ஆனால் அதற்கடுத்த சில நாட்களைப் பாருங்கள். சுனக் போட்டியின்றித் தலைவரானார். கட்சி அவரை ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்சியில் அவருக்கு எவ்வளவு ஆதரவு இருக்கிறது என்பது ஏற்கெனவே எண்களாக எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. தோற்றபோது பெற்ற வாக்குதான் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தது.

தோற்றவருக்கும் ஒரு கணக்கு

இங்கே காமராஜரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

1954இல் குலக்கல்வித் திட்ட எதிர்ப்பு உச்சத்துக்குப் போய் முதல்வர் ராஜாஜி விலகினார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜர் நின்றார். எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். ராஜாஜியின் ஆதரவு பெற்றவர். அவரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வாக்கெடுப்பு நடந்தது, காமராஜர் வென்றார். ஏப்ரல் 13 அன்று முதல்வரானார். எதிர்த்து நின்ற சுப்பிரமணியம், அவரை முன்மொழிந்த பக்தவத்சலம் இருவரையும் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சாதாரணத் துறையும் அல்ல. ராஜாஜி எந்தத் துறையால் விலக நேர்ந்ததோ அந்தக் கல்வியையும், கூடவே நிதியையும் சுப்பிரமணியத்திடம் கொடுத்தார். அமைச்சரவையே எட்டுப் பேர்தான். இதைப் பெருந்தன்மை என்று சொல்லிச் சொல்லி நாம் பாதியை விட்டுவிட்டோம். பெருந்தன்மைதான், சந்தேகமில்லை. ஆனால் கட்சியில் எத்தனை பேர் தன் பக்கம், எத்தனை பேர் எதிர்ப் பக்கம் என்று காமராஜருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எண்ணித் தோற்றவருக்கு வெட்கமில்லை. எண்ணி வென்றவருக்குப் பயமில்லை. அந்த அமைச்சரவை ஓடியது.

அதே காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது, 1964இல் நேருவுக்குப் பிறகு எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசி சாஸ்திரியை ஒருமனதாகக் கொண்டுவந்தார். 1966இல் தாஷ்கண்டில் சாஸ்திரி திடீரென்று இறந்தபோது மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்கவில்லை. சரி, வாக்கெடுப்பு. ஜனவரி 19 அன்று எண்ணினார்கள். இந்திரா 355, மொரார்ஜி 169. அடுத்த வருஷம் மொரார்ஜியைத் துணைப் பிரதமராக்க வேண்டி வந்தது. அந்த 169ஐ யாராலும் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

கர்நாடகாவில் மேலிடம் எண்ணாமல் செய்த ஒரு மாற்றத்தின் விலையையும் பார்த்துவிடலாம். 1989இல் வீரேந்திர பாட்டீல் தலைமையில் காங்கிரஸ் 224இல் 178 இடங்களை அள்ளியது. மறு வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார். கலவரங்கள் நடந்திருந்தன. 1990 அக்டோபரில் பார்வையிட வந்த ராஜீவ் காந்தி, பெங்களூரு விமான நிலையத்தில் விமானம் ஏறுவதற்கு முன் பத்திரிகையாளர்களிடம் முதல்வர் மாற்றத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பாட்டீல் விலக மறுத்தார். சில நாள் குடியரசுத் தலைவர் ஆட்சிகூட வந்தது. பிறகு பங்காரப்பா, அவருக்குப் பிறகு வீரப்ப மொய்லி. 1994 தேர்தலில் 178 இடம் 34 ஆனது. தங்கள் தலைவரை விமான நிலையத்தில் வைத்து அவமானப்படுத்திவிட்டார்கள் என்ற பேச்சு வட கர்நாடக லிங்காயத் வீடுகளில் இன்றும் கேட்கும். அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்த மாநிலத்தில் காங்கிரஸை விட்டு ஒரு பெரிய சமூகம் நகர்ந்ததன் தொடக்கம் அங்கேதான் என்று பழைய காங்கிரஸ்காரர்களே சொல்வார்கள். அந்த இடத்தை நிரப்பியவர்தான் எடியூரப்பா.

நிரப்பப்படாத ஆறு நாற்காலி

பொம்மையின் ஆட்சிக்குத் திரும்புவோம். பதவியேற்ற எட்டாவது நாள், 2021 ஆகஸ்ட் 5 அன்று, மேகதாது அணைக்கு எதிராகத் தமிழ்நாடு பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை தஞ்சாவூரில் உண்ணாவிரதம் இருந்தார். அணை கட்டியே தீருவோம் என்பது பெங்களூரில் அதே கட்சியின் முதல்வரின் நிலை. ராஜ்பவன் சாலையில் யார் ஜெயிக்கிறார் என்பது நமக்கும் தண்ணீர் விஷயம்தான்.

ஜூலை 28 அன்று பொம்மை தனியாளாகப் பதவியேற்றார். அமைச்சர்கள் பட்டியலுக்காக டெல்லி போய் வந்து ஆகஸ்ட் 4 அன்று 29 பேரைச் சேர்த்தார். கர்நாடகாவில் முதல்வரோடு சேர்த்து 34 பேர் வரை இருக்கலாம். நான்கு இடம் காலி. அடுத்த வருஷம் ஈஸ்வரப்பா விலகினார், உமேஷ் கத்தி காலமானார், காலி இடம் ஆறானது. அமைச்சரவை விரிவாக்கம் இதோ வருகிறது, அடுத்த டெல்லிப் பயணத்தில் முடிவாகிவிடும் என்று ஒன்றரை வருஷம் செய்தி வந்துகொண்டே இருந்தது. 2023 மே மாதத்தில் ஆட்சி போகும்வரை அந்த ஆறும் நிரம்பவில்லை.

அமைச்சராக ஆசைப்பட்டவர்கள் யாரிடம் போய் நின்றிருப்பார்கள்? முதல்வரிடம் அல்ல. அவரைக் கொண்டுவந்தது எது என்று கேபிடல் ஹோட்டலில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அவரும் ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவரைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தார். தன் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியாத தலைவரால் ஒரு நாற்காலியைக்கூட நிரப்ப முடியாது. பொம்மை கெட்டிக்காரர் அல்ல என்பதல்ல இதற்குக் காரணம். நீர்ப்பாசன விஷயங்களை அவ்வளவு நுணுக்கமாகப் பேசக்கூடியவர்கள் கர்நாடக அரசியலில் குறைவு. அந்தத் திறமைக்குக் கீழே ஒரு தரை வேண்டும், அதை அவருக்கு யாரும் போட்டுத் தரவில்லை.

2023 தேர்தலுக்கு முன் ஷெட்டருக்குச் சீட்டு மறுக்கப்பட்டது. அவர் காங்கிரஸுக்குப் போனார், தோற்றார், பிறகு திரும்பியும் வந்தார். அதே பா.ஜ.க.வின் லட்சுமண் சவதியும் காங்கிரஸுக்குப் போய் அதணி தொகுதியில் ஜெயித்தார். பா.ஜ.க. 104இலிருந்து 66க்கு வந்தது. ஆறு மாதம் கழித்து மாநிலத் தலைவராக மேலிடம் நியமித்தது எடியூரப்பாவின் மகன் விஜயேந்திராவை. எந்த மகனின் தலையீடு என்று புகார் சொல்லி அப்பாவை விலக்கினார்களோ, அதே மகன்.

வென்ற காங்கிரஸாவது வேறு மாதிரி செய்யும் என்று எதிர்பார்த்தேன். 135 இடம். சித்தராமையாவா, டி.கே. சிவகுமாரா என்பது ஊரறிந்த போட்டி. இரண்டு பேருக்கும் உரிமை கோரக் காரணம் இருந்தது. ஒருவர் மக்களிடம் செல்வாக்குள்ளவர், ஐந்து ஆண்டு முழுதாக ஆண்டு காட்டியவர். இன்னொருவர் கட்சியைத் தோளில் சுமந்தவர். 2023 மே 14 மாலை பெங்களூரு ஷாங்ரி-லா ஹோட்டலில் கூடினார்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைக் கட்சித் தலைவர் கார்கேவுக்கு வழங்குகிறோம் என்று ஒருவரித் தீர்மானம். டெல்லியிலிருந்து வந்த சுஷில்குமார் ஷிண்டே, ஜிதேந்திர சிங், தீபக் பாபரியா மூவரும் எம்.எல்.ஏ.க்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, யார் வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ஆக, இந்த முறை எண்ணினார்கள். மறுநாள் அந்தக் குறிப்பு டெல்லிக்குப் போனது. நான்கு நாள் அங்கே பேச்சுவார்த்தை நடந்தது. சித்தராமையா முதல்வர், சிவகுமார் துணை முதல்வர் என்று 18ஆம் தேதி அறிவித்தார்கள். 20ஆம் தேதி கண்டீரவா ஸ்டேடியத்தில் பதவியேற்பு. அன்றிலிருந்தே, பாதிக் காலத்தில் மாறுமா, அப்படி ஓர் ஒப்பந்தம் உண்டா என்ற கேள்வி பெங்களூரில் ஓயவில்லை. மே 14 இரவு அந்த அறையில் யாருடைய பெயர் எத்தனை முறை குறிக்கப்பட்டது என்பதைக் கட்சி வெளியிடவே இல்லை. அந்தப் பெயர்களைச் சொன்ன எம்.எல்.ஏ.க்களுக்கும் தெரிவிக்கவில்லை.